பெரிய பகா எண்: இலக்கங்களை எண்ணுவோர் தவறவிடுவது

2024 அக்டோபர் 21 அன்று ஓர் எண் உலகச் செய்தியானது. 13,62,79,841 இரண்டுகளை வரிசையாக வைத்துப் பெருக்கி, விடையிலிருந்து 1ஐக் கழித்தால் வரும் எண் அது. விரித்து எழுதினால் 4,10,24,320 இலக்கங்கள். மனிதர் இதுவரை அறிந்த பகா எண்களில் இதுவே பெரியது. கண்டறிந்தவர் லூக் டூரன்ட். என்விடியா நிறுவனத்தில் முன்பு பணியாற்றியவர். 17 நாடுகளில், 24 தரவு மைய வட்டாரங்களில் இருந்த வரைகலைச் செயலிகளை இணைத்துத் தேடினார். அக்டோபர் 11 அன்று டப்ளினில் இருந்த ஒரு செயலி 'இது பகா எண்ணாக இருக்கலாம்' என்றது. மறுநாள் டெக்சஸின் சான் அன்டோனியோவில் இருந்த இன்னொன்று வேறொரு சோதனையால் அதை உறுதி செய்தது. பிறகு வெவ்வேறு நிரல்களும் வெவ்வேறு இயந்திரங்களும் சரிபார்த்த பின்னரே அறிவிப்பு வெளியானது.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் இரண்டு எதிர்வினைகள் எழுகின்றன. 'இதனால் யாருக்கு என்ன லாபம்? வேலையற்ற வேலை' என்பது முதலாவது. 'அப்படிச் சொல்லாதீர்கள், உங்கள் வங்கிக் கணக்கைக் காப்பதே இத்தகைய பெரிய பகா எண்கள்தான்' என்பது அதற்குப் பதிலாகச் சொல்லப்படும் இரண்டாவது. ஒன்று பழிக்கிறது, மற்றொன்று பரிந்து பேசுகிறது. ஆனால் இரண்டும் ஒரே பிழையின் மேல் நிற்கின்றன. அந்த நான்கு கோடி இலக்கங்களையே கண்டுபிடிப்பு என்று இருதரப்பும் எடுத்துக்கொள்கின்றன. பிறகு அதைச் சந்தையில் வைத்து விலைபோகுமா போகாதா என்று வாதாடுகின்றன.

அந்த இலக்கங்களில் ரகசியம் எதுவும் இல்லை. இரும எண்முறையில் எழுதினால் இந்த எண் 13,62,79,841 ஒன்றுகளின் வரிசை, அவ்வளவே. 2¹³⁶²⁷⁹⁸⁴¹−1 என்று ஒரு தாளின் ஓரத்தில் குறித்துவிடலாம். இதற்கு முன்னும் யாராலும் அதை எழுதியிருக்க முடியும். எழுத முடியாமல் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான்: 'இந்த எண்ணை 1ம் இதே எண்ணும் தவிர வேறு எதுவும் மீதியின்றி வகுக்காது.' அக்டோபர் 2024இல் கிடைத்தது அந்த வாக்கியமும் அதற்கான நிரூபணமும். அந்த நிரூபணம் எப்படிச் சாத்தியமானது, அதற்காக எவையெல்லாம் உருவாக வேண்டியிருந்தது என்று பார்த்தால் 'வேலையற்ற வேலை' என்ற தீர்ப்பு நிற்காது.

அந்தத் தீர்ப்புக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது. 1772இல் ஆய்லர், பார்வையை ஏறக்குறைய முழுதும் இழந்திருந்த காலத்தில், 2³¹−1 அதாவது 2147483647 பகா எண் என்று நிரூபித்தார். அதன் வர்க்கமூலம் வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் அவர் வகுத்துப் பார்க்கவில்லை. இந்த எண்ணுக்குக் காரணி ஏதேனும் இருந்தால், அதை 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மட்டுமே மீதியாக வர முடியும் என்று முதலில் காட்டினார். தேட வேண்டிய இடம் ஒரே அடியில் சுருங்கிவிட்டது.

இந்த எண்ணோடு ஒட்டி வருவது ஒரு நிறைவெண். தன்னைத் தவிர்த்த வகுஎண்களின் கூட்டுத்தொகை தனக்கே சமமாக இருக்கும் எண்ணுக்கு நிறைவெண் என்று பெயர்: 6 = 1+2+3, 28 = 1+2+4+7+14. 2இன் ஓர் அடுக்கில் 1 குறைந்த எண் பகா எண்ணாக இருந்தால், அதிலிருந்து ஒரு நிறைவெண் பிறக்கும் என்று யூக்ளிட் காட்டினார். 3இலிருந்து 6, 7இலிருந்து 28, 31இலிருந்து 496. இரட்டைப்படை நிறைவெண்கள் எல்லாமே இந்த வழியில் பிறந்தவைதாம் என்று இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து ஆய்லர் நிரூபித்தார். ஒற்றைப்படையில் ஒரு நிறைவெண்ணாவது உண்டா என்ற கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை.

1811இல் ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ எண் கோட்பாடு பற்றி ஒரு நூல் எழுதினார். 2³¹−1இலிருந்து கிடைக்கும் நிறைவெண்தான் மனிதர் காணப்போகும் கடைசி நிறைவெண், அதைத் தாண்டி யாரும் முயல மாட்டார்கள் என்பது அதில் அவர் சொன்ன கருத்து. இவை வெறும் வியப்புக்குரியவை, பயனற்றவை என்பதே அவர் காட்டிய காரணம். பார்லோ மூடர் அல்லர். அவர் தொகுத்த எண் அட்டவணைகளைப் பொறியாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தினார்கள். பயன் என்றால் என்ன என்று நன்கு அறிந்த ஒருவரே இப்படித் தவறினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நடந்ததைப் பார்ப்போம். 65 ஆண்டுகளில் பிரெஞ்சுக் கணிதர் எதுவார்ட் லூக்கா, 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷−1 பகா எண் என்று கையாலேயே நிரூபித்தார். பார்லோ முற்றுப்புள்ளி வைத்த 2³¹−1க்கும் ஒரு வேலை வந்தது. கணினிகளில் சமவாய்ப்பு எண்களை உருவாக்க டி. எச். லேமர் வகுத்த முறையில் ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கொண்டு திரும்பத் திரும்ப வகுத்து மீதி எடுக்க வேண்டும். 1969இல் ஐபிஎம் கணினிகளுக்காக அந்த முறையைச் செயல்படுத்தியவர்கள் தேர்ந்தெடுத்தது 2³¹−1ஐ. அது பகா எண்ணாக இருப்பதால்தான், பொருத்தமான பெருக்கி ஒன்றை எடுத்தால் 1இலிருந்து 2147483646 வரையிலான ஒவ்வோர் எண்ணையும் ஒருமுறை தொட்ட பிறகே சுழற்சி தொடங்கிய இடத்துக்கு வருகிறது. பகு எண்ணாக இருந்தால் இந்த உறுதி கிடையாது. பயனற்றதென்று ஒதுக்கப்பட்ட பண்பே இங்கே வேலை செய்கிறது.

இனி, பரிந்து பேசுவோரின் வாதம். பெரிய பகா எண்கள் இணையப் பாதுகாப்புக்கு உதவுகின்றன என்பது உண்மை. சாதனை படைக்கும் பகா எண்கள் உதவுகின்றன என்பது பொய். இன்று பரவலாக உள்ள 2048 பிட் ஆர்எஸ்ஏ குறியாக்கத்துக்கு வேண்டியவை சுமார் 309 இலக்கங்கள் கொண்ட இரண்டு பகா எண்கள். அந்த அளவில் குருட்டாம்போக்கில் எடுக்கும் எண்களில் ஏறக்குறைய 710க்கு ஒன்று பகா எண். ஒரு சாதாரணக் கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் அதைக் கண்டுபிடித்துவிடும். அந்த இரண்டு எண்களும் வேறு யாருக்கும் தெரியாமல் இருப்பதில்தான் பாதுகாப்பே இருக்கிறது. உலகமே அறிந்த, நான்கு கோடி இலக்கங்கள் கொண்ட, பெயர் சூட்டிப் பட்டியலில் ஏற்றப்பட்ட ஓர் எண்ணைச் சாவியாக வைப்பது பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிடுவதற்குச் சமம். நாளிதழ்கள் இந்தத் தவற்றை ஒவ்வொரு முறையும் அச்சிடுகின்றன. நல்ல நோக்கத்தோடு சொன்னாலும் பொய் பொய்தான். அது அம்பலமாகும்போது 'அப்படியானால் உண்மையிலேயே பயனில்லை போலும்' என்ற எண்ணத்துக்கே வலுச் சேர்க்கிறது.

உண்மையான பயன்கள் வேறு வழியில், வேறு வேகத்தில் வந்திருக்கின்றன. 2இன் அடுக்கில் 1 குறைந்த பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். மரேன் மெர்சென் 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி. இந்த எண்களால் வகுத்து மீதி காண்பது கணினிக்கு மிக எளிது. வகுத்தலே வேண்டாம், பிட்டுகளை நகர்த்திக் கூட்டினாலே போதும். 1883இல் ரஷ்யப் பாதிரியார் இவான் பெர்வூஷின் 2⁶¹−1 பகா எண் என்று காட்டினார். இன்று பைத்தான் மொழி, 64 பிட் கணினிகளில் எண்களை அட்டவணைப்படுத்தும்போது எடுக்கும் மீதி இந்த எண்ணைக் கொண்டுதான். 1952 ஜனவரி 30 இரவு, லாஸ் ஏஞ்சலஸில் இருந்த ஸ்வாக் என்ற தொடக்ககாலக் கணினியில் ரஃபேல் ராபின்சன் எழுதிய நிரல் 2⁵²¹−1ஐக் கண்டது. 157 இலக்கங்கள், அன்றைய உலகச் சாதனை. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் பரிந்துரைத்த நீள்வளைவுக் குறியாக்கங்களில் ஒன்று, சுமார் அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அந்த எண்ணின் மேல் கட்டப்பட்டது.

இவற்றில் மிகத் தெளிவான சான்று 2¹⁹⁹³⁷−1. 1971இல் ஐபிஎம்மின் பிரயன்ட் டக்கர்மன் கண்டது. 6,002 இலக்கங்கள். அன்று அதற்கு எந்தப் பயனும் சொல்லியிருக்க முடியாது. 1990களின் இறுதியில் ஜப்பானின் மகோதோ மட்சுமோட்டோவும் தகுஜி நிஷிமுராவும் 'மெர்சென் ட்விஸ்டர்' என்ற சமவாய்ப்பு எண் முறையை வெளியிட்டார்கள். அது தரும் எண்வரிசை 2¹⁹⁹³⁷−1 படிகளுக்குப் பிறகே திரும்ப வரும். இத்தனை நீளமான சுழற்சி உண்மையில் முழுமையானதா என்று சோதிக்க, பொதுவாக அந்தச் சுழற்சி நீளத்தின் காரணிகள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்ணைக் காரணிப்படுத்துவது பெரும்பாலும் ஆகாத காரியம். நீளமே ஒரு பகா எண்ணாக இருந்தால் அந்தத் தடை விலகிவிடும். டக்கர்மனின் எண்ணை அவர்கள் அதற்காகவே எடுத்தார்கள். பைத்தான், ஆர் ஆகிய மொழிகளில் ஒருவர் சமவாய்ப்பு எண் கேட்டால், வேறு ஏற்பாடு செய்யாதவரை, பல ஆண்டுகளாக இந்த முறைதான் விடை தந்துவருகிறது. மருந்துச் சோதனைத் தரவை ஆராய்பவரும் வானிலை மாதிரியை ஓட்டுபவரும் 1971இன் அந்த 'பயனற்ற' நிரூபணத்தின் மேல் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள்.

ஆகவே நான்கு கோடி இலக்க எண்ணுக்கும் ஒருநாள் இப்படி வேலை வரும் என்று வாக்குக் கொடுக்கலாமா? கூடாது. அவ்வளவு பெரிய எண் நேரடியாக எதற்கும் தேவைப்படாமலே போகலாம். இந்தத் தேடலை ஆதரிப்பவர்கள் அதை ஒப்புக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை. ஆதரிக்கப் போதுமான காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன.

படித்தவர்களிடம் கேட்கும் நுட்பமான எதிர்ப்பு ஒன்று உண்டு. 'பகா எண்கள் முடிவற்றவை என்று யூக்ளிட் நிரூபித்துவிட்டார். ஒன்றுக்கு மேல் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். இன்னொன்றைக் கண்டதில் புதிதாக என்ன தெரிந்துவிட்டது?' கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்வி, முடிவில்லாமல் உண்டு என்று அறிவதையும் இதோ இது என்று சுட்டிக் காட்டுவதையும் ஒன்றாகக் குழப்புகிறது. 1000 இலக்கப் பகா எண் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால், தற்செயலை நம்பாமல், உறுதியாகவும் விரைவாகவும் ஒன்றைக் கையில் எடுத்துக் கொடுக்கும் பொதுவான முறை எதுவும் இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. 2009இல் டெரன்ஸ் டாவ் உள்ளிட்ட கணிதர்கள் கூடி ஒரு கூட்டுத்திட்டமாகவே இதை முயன்றார்கள். பகுதி முன்னேற்றமே கிடைத்தது.

அதைவிட முக்கியமாக, யூக்ளிட் நிரூபித்தது பகா எண்கள் முடிவற்றவை என்பதை மட்டுமே. மெர்சென் பகா எண்கள் முடிவற்றவையா? யாருக்கும் தெரியாது. இதுவரை தெரிந்தவை 52. ஐம்பத்து மூன்றாவது இருந்தே ஆக வேண்டும் என்று எந்த நிரூபணமும் சொல்லவில்லை. லென்ஸ்ட்ரா, பொமரன்ஸ், வாக்ஸ்டாஃப் ஆகிய மூவரின் பெயரால் வழங்கும் ஓர் ஊகம் இருக்கிறது: அடுக்கு இருமடங்காகும் ஒவ்வோர் இடைவெளியிலும் சராசரியாக 1.78 மெர்சென் பகா எண்கள் இருக்க வேண்டும். இதன்படி அடுக்கு 2 கோடியிலிருந்து 8.5 கோடி வரையில் நான்குக்குச் சற்றுக் குறைவாகவே எதிர்பார்க்கலாம். மெர்சென் பகா எண்களைத் தேடும் தன்னார்வலர்களின் கூட்டுத்திட்டமான ஜிம்ப்ஸ் அங்கே கண்டவை 12. மூன்று மடங்குக்கும் மேல்! அதற்கு நேர்மாறாக, 2018 டிசம்பரில் கிடைத்த 2⁸²⁵⁸⁹⁹³³−1ஐ அடுத்து 2024இல் கிடைத்தது வரையில் இடையே ஒன்றும் அகப்படவில்லை. இந்த நெருக்கமும் வெறுமையும் தற்செயலா, அல்லது ஊகத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறதா? இதைத் தீர்க்கத் தரவு வேண்டும். வானியலில் தொலைநோக்கி செய்வதை எண் கோட்பாட்டின் இந்த மூலையில் செய்ய இந்தத் தேடல் ஒன்றுதான் இருக்கிறது.

'எல்லாம் கணினியின் முரட்டுப் பலம், இதில் சிந்தனை எங்கே' என்பது அடுத்த குறை. இதற்கு வரலாறே பதில் சொல்கிறது. 1644இல் மெர்சென் ஒரு பட்டியல் கொடுத்தார். 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 மட்டுமே பகா எண் தரும் என்றார். 67ம் 257ம் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டுவிட்டன. இந்தப் பட்டியலை முழுதாகத் திருத்த மூன்று நூற்றாண்டுகள் பிடித்தன. 1876இல் லூக்கா, 2⁶⁷−1 பகா எண் அன்று என்று நிரூபித்தார். ஆனால் அதன் காரணி ஒன்றைக்கூட அவர் காட்டவில்லை, காட்ட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில்தான் ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகையில் 193707721ஐயும் 761838257287ஐயும் பெருக்கி 147573952589676412927 வருவதைக் காட்டினார்.

காரணியைக் காணாமலே ஓர் எண் பகு எண் என்று சொல்ல முடிவது எப்படி? லூக்கா தொடங்கி, 1930இல் லேமர் எளிமையாக்கிய சோதனையை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்து பார்க்கலாம். 4இல் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வர்க்கம் எடுத்து 2ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கில் இரண்டு குறைந்த அளவு படிகள் முடிந்ததும் மீதி 0 என்றால் பகா எண். இல்லாவிட்டால் பகு எண். 2⁵−1, அதாவது 31ஐ எடுப்போம். மூன்று படிகள். 4இன் வர்க்கம் 16, இரண்டு போக 14. 14இன் வர்க்கம் 196, இரண்டு போக 194, அதை 31ஆல் வகுத்தால் மீதி 8. 8இன் வர்க்கம் 64, இரண்டு போக 62, மீதி 0. ஆகவே 31 பகா எண். இதே நான்கு வரிச் சோதனைதான் நான்கு கோடி இலக்க எண்ணுக்கும். விதிவிலக்கும் இல்லை, நிகழ்தகவும் இல்லை. தீர்ப்பு உறுதியானது.

ஆனால் அங்கே படிகள் 13,62,79,839. ஒவ்வொரு படியிலும் நான்கு கோடி இலக்க எண் ஒன்றை வர்க்கப்படுத்த வேண்டும். பள்ளியில் கற்ற முறையில் இலக்கம் இலக்கமாகப் பெருக்கினால், ஒரு நொடிக்கு ஒரு லட்சம் கோடி இலக்கப் பெருக்கல் செய்யும் இயந்திரத்துக்கும் முழுச் சோதனை முடிய ஏழாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். முரட்டுப் பலம் தோற்கும் இடம் இது. அதைக் கடக்க வைத்தது அதிவேக ஃபூரியர் உருமாற்றம். எண்ணை அலைகளின் தொகுப்பாக மாற்றிப் பெருக்கி, மறுபடி எண்ணாக்கும் உத்தி. 1971இல் ஷோன்ஹாகேவும் ஸ்ட்ராசனும் பெரிய எண்களின் பெருக்கலுக்கு இதை முறைப்படுத்தினார்கள். 1994இல் ரிச்சர்ட் கிராண்டலும் பேரி ஃபேகினும் மெர்சென் எண்களுக்கென்றே அதைத் திருத்தி, வகுத்து மீதி எடுக்கும் வேலையும் பெருக்கலுக்குள்ளேயே முடியும்படி செய்தார்கள். இது சிந்தனை இல்லையென்றால் எது சிந்தனை?

கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூவரும் 2002இல் செய்த கண்டுபிடிப்பை எடுத்துக்காட்டி, 'எந்த எண்ணும் பகா எண்தானா என்று சோதிக்க வழி கிடைத்துவிட்டதே, இனி என்ன' என்று கேட்பவர்களும் உண்டு. எந்த எண்ணையும், நிகழ்தகவின் துணையின்றி, இலக்க எண்ணிக்கையின் ஒரு பல்லுறுப்புக்கோவை அளவு நேரத்தில் சோதித்துவிடலாம் என்பது அவர்கள் நிரூபித்த உண்மை. கணினி அறிவியலின் பெரும் சாதனைகளில் அது ஒன்று. ஆனால் 'கொள்கையளவில் விரைவு' என்பதும் 'இன்று செய்து முடிக்கலாம்' என்பதும் வேறு வேறு. கோடி இலக்க எண்களுக்கு அந்த முறை நடைமுறையில் எட்டாதது. மெர்சென் எண்களின் தனி அமைப்பைப் பயன்படுத்தும் லூக்கா–லேமர் சோதனையால்தான் இந்த உயரம் எட்டப்படுகிறது.

இவ்வளவு நீண்ட கணக்கில் ஓர் இயந்திரம் ஒரே ஒரு பிட்டில் தவறினாலும் விடை குப்பை. ஆகவே பிழையைக் கண்டுபிடிக்கும் கலையும் இந்தத் தேடலோடு சேர்ந்தே வளர்ந்தது. 2017இல் ராபர்ட் கெர்பிச் முன்வைத்த சோதனை, கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே வன்பொருள் பிழையைப் பிடித்துவிடும். முன்பெல்லாம் ஒருவர் வாரக்கணக்கில் செய்த கணக்கை இன்னொருவர் முதலிலிருந்து அதே அளவு நேரம் செலவழித்துத்தான் சரிபார்க்க வேண்டியிருந்தது. கிரிப்டோ ஆய்வாளர் கிரிஸ்டோஃப் பியட்சாக் 2018இல் வெளியிட்ட ஒரு முறையை ஜிம்ப்ஸ் 2020இல் ஏற்றுக்கொண்டது. இப்போது கணக்கிட்டவர் ஒரு சான்றுக் கோப்பையும் சேர்த்துத் தருகிறார். சரிபார்ப்பவர் மூல உழைப்பில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் செலவழித்தால் போதும். முன்பின் அறியாத ஒருவரின் இயந்திரத்தில் நடந்த நீண்ட கணக்கை நம்பலாமா என்ற கேள்வி இன்று கணினி உலகம் முழுவதற்கும் உரியது. அதற்கான விடை அன்றாடம் ஓடிச் சோதிக்கப்படும் களங்களில் இதுவும் ஒன்று.

இயந்திரத்தைச் சோதிப்பதிலும் அப்படித்தான். கிரே நிறுவனத்தில் டேவிட் ஸ்லோவின்ஸ்கி எழுதிய மெர்சென் நிரல், புதிய மீக்கணினிகள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்க்கப் பயன்பட்டது. 1994இல் வர்ஜீனியாவில் கல்லூரிப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். விடை இசையவில்லை. தேடித் தேடிக் கடைசியில் பென்டியம் செயலியின் வகுத்தல் சுற்றிலேயே பிழை இருப்பதைக் கண்டார். செயலிகளை மாற்றிக் கொடுக்க இன்டெல் ஒதுக்க வேண்டியிருந்த தொகை 47.5 கோடி டாலர். 2016இல் மெர்சென் எண்களைத் தேடும் பிரைம்95 நிரல் ஓடும்போது இன்டெல்லின் ஸ்கைலேக் செயலிகள் உறைந்து நின்றன. நிறுவனம் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. 'பயனற்ற' கணக்கு ஓடாதிருந்தால் அந்தப் பிழைகள் இன்னும் எத்தனை காலம், யாருடைய கணக்கில், ஒளிந்திருந்திருக்கும்?

எதிர்ப்பாளர்களின் வாதங்களில் மதித்துப் பதில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: மின்சாரம். ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் இரவுபகலாக ஓடினால் மின்சாரம் செலவாகத்தான் செய்யும். அதை இல்லையென்று மறுப்பது நேர்மையன்று. ஆனால் இந்தச் செலவு பெரும்பாலும் தன்னார்வலர்களுடையது. டூரன்ட் தன் தேடலுக்குச் சொந்தப் பணத்தைச் செலவழித்தார். கிடைத்த 3,000 டாலர் பரிசை அலபாமா கணித அறிவியல் பள்ளிக்குத் தருவதாக அறிவித்தார். ஒரே வேலையை இருமுறை செய்யும் வீண்செலவைத் தவிர்க்க இந்தச் சமூகம் பியட்சாக் முறையை ஏற்றதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தன் மின்சாரத்தை வேறு எதற்காவது கொடுப்பேன் என்று ஒருவர் சொன்னால் அது அவர் உரிமை. அதற்காக இதனால் விளைந்தது ஒன்றுமில்லை என்று சொல்ல அவருக்குச் சான்று இல்லை.

இந்தக் கதவு திறந்திருப்பதையும் சொல்ல வேண்டும். 1978இல் கலிஃபோர்னியாவில் பள்ளி மாணவர்களான லாரா நிக்கலும் லாண்டன் கர்ட் நோலும் 2²¹⁷⁰¹−1ஐக் கண்டு உலகச் சாதனை படைத்தார்கள். 18 வயது. கணிதத்தின் எல்லைக்கோட்டில் நின்று, பெயர் சொல்லும்படியாக ஓர் உண்மையை முதன்முதலில் அறியும் வாய்ப்பு சாதாரண மாணவருக்கும் ஓய்வுநேர ஆர்வலருக்கும் கிடைக்கும் துறைகள் மிகக் குறைவு. நிரல் இலவசம். பட்டமோ பதவியோ யாரும் கேட்பதில்லை.

செய்தியாளர்களிடம் வைக்க வேண்டிய கோரிக்கையும் இங்கிருந்தே பிறக்கிறது. அடுத்த பகா எண் அறிவிக்கப்படும்போது, இலக்கங்களை அச்சிட்டால் எத்தனை பக்கம் வரும் என்று கணக்குப் போடுவதோடு நிற்க வேண்டாம். வங்கிக் கணக்கோடு முடிச்சுப் போடவும் வேண்டாம். எந்தச் சோதனை, எத்தனை தனித்தனி நிரல்களால் சரிபார்க்கப்பட்டது, இதற்குக் கீழே இன்னும் எத்தனை அடுக்குகள் இருமுறை சோதிக்கப்படாமல் இருக்கின்றன என்று கேட்கட்டும். கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. 1983இல் 2¹³²⁰⁴⁹−1, 1985இல் 2²¹⁶⁰⁹¹−1 என்று சாதனைகள் மேலே போய்க்கொண்டிருந்தன. 1988இல் வால்டர் கோல்கிட்டும் லூக் வெல்ஷும் மற்றவர்கள் தாண்டிச் சென்றுவிட்ட பகுதிக்குத் திரும்பினார்கள். விடுபட்டவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து, 2¹¹⁰⁵⁰³−1 அங்கே யார் கண்ணிலும் படாமல் இருந்ததைக் கண்டார்கள். சாதனைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. மெர்சென் பகா எண்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்ற கேள்விக்கோ அது இல்லாமல் எந்தக் கணக்கும் சரியாகாது. 2024இன் எண்ணை 52ஆவது என்று சொல்வதும் இப்போதைக்குத்தான். அதற்குக் கீழுள்ள அடுக்குகள் எல்லாம் இரண்டாம் முறையும் சோதிக்கப்பட்டு முடியும்வரை, நடுவில் இன்னொன்று இல்லை என்று யாராலும் உறுதி கூற முடியாது. அந்தச் சோதனை, பரிசும் செய்தியும் இல்லாமல், இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.